மறதியும் மருந்தும் மெய்ம்மையும்

நம் சமண ஆசிரியர்கள் தமிழுக்கு அளித்த நீதிநூல்களுள் இரண்டு, மருந்தின் பெயரையே தம் பெயராகக் கொண்டவை. கணிமேதாவியாரின் ஏலாதி, ஏலம் முதலாய ஆறு பொருள்கள் கூடிய மருந்தின் பெயர். காரியாசானின் சிறுபஞ்சமூலம், ஐந்து சிறு வேர்கள் சேர்ந்த மருந்தின் பெயர். தியாகராய நகரில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்த காலமெல்லாம் இவ்விரு நூல்களையும் மாணவியர்க்குச் சொல்லியிருக்கிறோம். உடலுக்கு மருந்து எப்படியோ அப்படி உயிர்க்கு அறம் என்று விளக்கம் கூறி மேலே சென்றுவிடுவோம். மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, அறம் எது என்று தெரியாமல் விழிக்கும் நாள் ஒன்று வரும் என்று அந்நாளில் நினைத்ததில்லை.

திருக்குறளில் மருந்து என்பது தொண்ணூற்றைந்தாம் அதிகாரம். நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவர் என மருத்துவத்தை அது நான்காகப் பகுக்கிறது. பரிமேலழகர் தம் உரையில் ஒவ்வொன்றுக்கும் நான்கு இயல்புகள் காட்டுவார். மருத்துவர் சொன்னவழி நிற்பது நோயாளியின் இயல்புகளுள் ஒன்று. அருகிருப்பவர்க்கோ நோயாளியிடம் அன்பு வேண்டும். மனமும் மொழியும் மெய்யும் தூயனவாக இருத்தல் வேண்டும். சொன்னபடி செய்யும் ஆற்றலும் அறிவும் வேண்டும். இந்த மொழித் தூய்மையைப் பல ஆண்டுகள் கவனியாமலே பாடம் நடத்தியிருக்கிறோம். அதைப் பின்னர் கவனிக்க நேர்ந்தது.

மருத்துவர் சொன்னவழி நிற்கவேண்டும் என்று மனமார விரும்பியும், அந்த வழியையே மறந்துவிடுகிற நோயாளியை என்ன செய்வது? இவ்வினா எங்கள் குடும்பத்துக்குள் வந்து அமர்ந்தது 2009ஆம் ஆண்டில்.

எம் தங்கையின் மகள் அப்போது முப்பத்தொரு வயதினள்; வங்கி ஒன்றில் பணி. மயிலாப்பூரில், சித்திரக்குளத்துக்கு அருகில் வீடு. ஒருநாள் காலை வலக்கண் மங்கிற்று. கண் மருத்துவர் பார்த்து நரம்பு மருத்துவரிடம் அனுப்பினார். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதித்தார்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். அந்தப் பெயரை நாம் அன்றுதான் முதன்முதலில் கேட்டோம்.

மின்கம்பியின் மேல் ரப்பர் உறை இருப்பதுபோல நம் நரம்பிழைகளின் மேலும் ஓர் உறை உண்டு. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பு ஆற்றலே தவறி அந்த உறையைத் தின்னத் தொடங்குவதுதான் இந்நோய். மூளையிலும் தண்டுவடத்திலும் அங்கங்கே தழும்பு விழுகிறது. எங்கே விழுகிறதோ அதற்கேற்பக் கண்ணோ, காலோ, கையோ, சிறுநீர்க் கட்டுப்பாடோ கெடும். இருபது முதல் நாற்பது வயதுக்குள் தொடங்குவதே மிகுதி. ஆடவரைவிடப் பெண்டிரிடம் இருமடங்குக்கு மேல் காணப்படுகிறது. 1868இல் பாரிசில் இந்நோயைத் தெளிவாக வரையறுத்துக் காட்டிய ஷார்கோ என்னும் மருத்துவர், இந்நோயாளரின் நினைவு தளர்வதையும் எண்ணம் மெதுவாகக் கூடுவதையும் அப்போதே குறித்திருக்கிறார். ஆயினும் நெடுங்காலம் இது நடை கெடும் நோயாகவே கருதப்பட்டது. இந்நோயாளருள் 40 முதல் 65 விழுக்காட்டினர்க்கு ஏதோ ஓரளவில் அறிவுச் செயல் தளர்கிறது என்பது இன்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு.

இது முதுமையில் வரும் மறதிநோய் போன்றதன்று என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். எங்கள் பெண் ஆளை மறப்பதில்லை. வாதம் செய்தால் நம்மை மடக்குவாள். மயிலை நேமிநாதர் கோயில் இருந்த கதையையும், அத்திருமேனி மேல்சித்தாமூருக்குச் சென்றதாகச் சொல்லும் வழக்கையும் வருவோர்க்கெல்லாம் தவறின்றிச் சொல்வாள். ஆனால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் தடுமாறுவாள். அடுப்பில் பால் வைத்ததை மறப்பாள். குறித்த நேரத்தில் செய்யவேண்டியது நினைவில் எழாது. செய்துவிட்டோமா இல்லையா என்பது மங்கிப்போகும். மருந்து உண்பதற்கு இந்த இரண்டு நினைவுகளும் வேண்டும்.

முதல் ஒன்பது ஆண்டுகள் இச்சிக்கல் தோன்றவில்லை. அப்போது வாரம் ஒருமுறை இன்டர்ஃபெரான் ஊசி. தங்கையே போடக் கற்றுக்கொண்டாள். ஞாயிறு மாலை ஊசி, அன்றிரவு காய்ச்சல், திங்கட்கிழமை உடல்வலி. நோயாளிக்கு அது கொடுமை, கணக்குக்கோ எளிமை. குளிர்பெட்டியில் வைத்த ஊசி குறைந்தால் போட்டாயிற்று என்று பொருள். 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் அடித்து நகரெங்கும் மின்சாரம் அற்றுப்போன அந்நாட்களில், எஞ்சியிருந்த ஊசிகளைத் தெர்மாஸ் குடுவையில் பனிக்கட்டியிட்டு, ஜெனரேட்டர் உள்ள அடையாற்று உறவினர் வீட்டுக்குத் தூக்கிச் சென்றதை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. சாலையெங்கும் மரங்கள் விழுந்துகிடந்தன. ஒரு குழந்தையை ஏந்திச் செல்வதுபோல ஏந்திச் சென்றோம்.

2019இல் நரம்பு மருத்துவர் ஊசியை நிறுத்தி, டைமெத்தில் ஃபியூமரேட் என்னும் கேப்சூலுக்கு மாற்றினார். நாளுக்கு இருவேளை, உணவோடு. ஊசி போயிற்று என்று வீடே மகிழ்ந்தது. பிறர் கையால் நடந்த மருத்துவம் அவள் கைக்கு வந்துவிட்டதையும், அந்தக் கைக்குப் பின்னால் இருந்த நினைவு தளர்ந்துகொண்டிருந்ததையும் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. மருந்து எளிதாயிற்று, அதை விடாது உண்பது கடினமாயிற்று.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கைக்கு வந்த கேப்சூலின் உறை ஜெலட்டின். அது விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது என்பது நம் வாசகர்க்குத் தெரியும். அவளும் அறிவாள். அன்று அவள் தெளிவாக இருந்தாள். ஒரு வாரம் சிந்தித்தாள். உறையில்லாத வேறு மாத்திரை அவள் உடலுக்கு ஒத்துவராது என்று மருத்துவர் கூறிவிட்டார். விட்டுவந்த ஊசியும் அப்படியொன்றும் தூயதன்று, அது ஹாம்ஸ்டர் என்னும் எலியினத்தின் உயிரணுக்களில் வளர்த்து எடுக்கப்படுவது என்று அவளே படித்துச் சொன்னாள். இல்லறத்தார்க்குக் கொல்லவேண்டும் என்ற எண்ணத்தோடு செய்யும் சங்கற்ப இம்சையே முதலில் விலக்கத்தக்கது. வாழ்க்கையை நடத்துவதில் தவிர்க்க இயலாது நேர்வது வேறு வகை என்று நம் நூல்கள் பிரித்துக் காட்டுவதை எடுத்துக்கொண்டாள். "தெரிஞ்சுதான் சாப்பிடறேன், பெரியம்மா. இல்லைன்னு நான் சொல்லிக்கமாட்டேன்" என்றாள். அதற்கு ஈடாக அட்டமி, சதுர்த்தசி நாட்களில் இனிப்பை விட்டாள். இதைவிட நேர்மையான முடிவை எம் வாழ்வில் கண்டதில்லை.

அடுத்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பார்த்தோம். அந்த வாரம் பதினான்கு குறைந்திருக்கவேண்டும், ஒன்பதுதான் குறைந்திருந்தது. நாள்தோறும் தொலைபேசியில் கேட்டிருக்கிறோம். நாள்தோறும் "சாப்பிட்டாச்சு" என்று சொல்லியிருக்கிறாள். வீட்டுப்பாடம் எழுதாமலே எழுதிவிட்டேன் என்று சொல்லும் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் கண்ட கண் எம்முடையது. "பொய் சொல்லாதே" என்றோம்.

அவள் முகம் வெளிறிப்போயிற்று. சிறிது நேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள்: "சாப்பிட்டதாத்தான் நினைச்சேன், பெரியம்மா. நினைச்சதைச் சொன்னா அது பொய்யா?"

ஆசிரியப் பயிற்சியில் முதலில் கற்பித்தது என்ன? பிள்ளை பாடத்தைச் செய்யவில்லை என்றால், அடங்காமையா, விளங்காமையா, இயலாமையா என்று பார்த்த பிறகே வாயைத் திற என்பதுதான். அதை மறந்தவர் நாம். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் இயலில் உமாஸ்வாமி, இம்சையின் இலக்கணம் கூறும்போது கவனமின்மையோடும் உள்ளக் கலக்கத்தோடும் கூடிய செயலை அடிப்படையாக வைக்கிறார். அந்த அடையைப் பொய்க்கும் களவுக்கும் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்பர் உரைகாரர். அவள் வாய்ச்சொல் உண்மைக்கு மாறாக இருந்தது மெய். அதன் பின்னால் வஞ்சமும் இல்லை, அசட்டையும் இல்லை. அசட்டை இருந்தது "பொய்" என்ற எம் சொல்லின் பின்னால்தான். யாருடைய விரதம் அன்று குறைப்பட்டது என்று எண்ணிப் பார்த்து, இரவெல்லாம் உறக்கமின்றிக் கிடந்தோம்.

மருந்து உண்ணத் தவறுவதைக் குணக்கேடாகக் கருதக்கூடாது என்னும் படிப்பினையை உலகுக்குத் தந்த ஊர்களுள் நம் சென்னையும் ஒன்று. இது பலர்க்குத் தெரியாது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடிச் செய்த பணி அது. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் அதன் முதல்வர்களுள் ஒருவர். சானடோரியத்தில் படுக்கவைத்தால்தான் காசநோய் தீரும் என்று நம்பிய காலத்தில், ஏழைகளின் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் அதற்கு இணையான பலன் உண்டு என்று 1959இல் வெளியிட்டார்கள். ஆனால் வீட்டில் உள்ளவர் நாள்தோறும் மருந்தை உண்கிறாரா? வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல் சிறுநீரைச் சோதித்தார்கள். முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினார்கள். எம் சிற்றப்பா குடும்பம் அப்பக்கத்தில் குடியிருந்தது. பையோடு வந்து அண்டைவீட்டில் மாத்திரை எண்ணிய அம்மையாரைச் சிறுமியாக இருந்தபோது வேடிக்கை பார்த்திருக்கிறோம். வீட்டுக்காரர்கள் திருடர்கள் என்றே அப்போது நினைத்தோம்!

அங்குக் கண்டறிந்தது வேறு. படித்தவர், படிக்காதவர், நல்லவர், சோம்பேறி என்ற பாகுபாடின்றி மனிதர் மருந்தைத் தவறவிடுகிறார்கள்; பார்த்த மாத்திரத்தில் இன்னார் தவறுவார் என்று சொல்ல இயலாது. ஒருவர் கண்முன் மருந்தை விழுங்கச் செய்யும் முறை அங்கே ஆராயப்பட்டுப் பின்னர் உலகெங்கும் பரவிற்று. அந்நிலையம் 2011 முதல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் விளங்குகிறது. நெடுநாள் நோயாளருள், செல்வ நாடுகளிலேகூட, ஏறத்தாழப் பாதிப்பேர்தான் மருந்தை ஒழுங்காக உண்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் அறிக்கை வெளியிட்டது. நினைவு பழுதற்றவர்களின் நிலையே இது.

எனினும் சேத்துப்பட்டு முறையை அப்படியே சித்திரக்குளத்துக்குக் கொண்டுவர இயலாது. காசநோய் பிறர்க்குத் தொற்றும். ஒருவர் மருந்தை விட்டால் அண்டை அயலார்க்கும் கேடு. ஆகவே எட்டிப்பார்த்து எண்ணுவதற்கு ஊருக்கு ஓர் உரிமை உண்டு. அதற்கு முடிவு நாளும் உண்டு. எங்கள் பெண்ணின் நோய் ஒருவர்க்கும் தொற்றாது. மருந்தோ ஆண்டுக்கணக்கில் தொடரவேண்டியது. அவள் நன்மை ஒன்றைத் தவிர, அவளை எண்ணிப் பார்க்க நமக்கு வேறு உரிமை இல்லை. அந்த நன்மை எது என்று சொல்லவேண்டியவளும் முதலில் அவளே.

இம்மருந்தை விடாது உண்பது ஏன் கடினம் என்பதை நம் வாசகர்க்கு நம் சொற்களிலேயே விளக்கலாம். உயிர், உயிரல்லது என்று தொடங்கும் பொருள்களுள் ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு என்பவற்றைச் சிறுவயதில் மனப்பாடம் செய்திருப்போம். தலைவலி மாத்திரை உதிர்ப்பு போன்றது. உள்ள வலியை நீக்கும். உண்டவருக்கு உடனே தெரியும். இந்தக் கேப்சூலோ செறிப்பு. புதிய தழும்பு விழாமல் வாயிலை அடைக்கிறது. பழைய தழும்பை மாற்றுவதில்லை. இன்று உண்டால் இன்று ஒன்றும் நிகழாது. விட்டாலும் இன்று ஒன்றும் நிகழாது. உண்டால் முகம் சிவந்து எரிச்சல் எடுக்கும், வயிறு புரளும். விட்டால் அன்றைக்குச் சுகம். பயன் என்பதோ, வராமற்போன ஒரு துன்பம். வராததை யார் காண்பது? நல்ல நினைவுள்ளவர்க்கே இதில் ஊக்கம் நிற்பது அரிது.

அட்டையை ஒரு மாதம் கூர்ந்து பார்த்ததில் ஒன்று விளங்கிற்று. தவறியதெல்லாம் காலைவேளை மருந்து. மாலை மருந்து ஒன்றுகூடத் தவறவில்லை. கதிரவன் மறையுமுன் உண்டுவிடும் நம் வழக்கம் எங்கள் வீடுகளில் இன்றும் உண்டு. டிசம்பரில் சென்னையில் ஐந்தே முக்காலுக்குப் பொழுது சாயும், அதற்குள் உணவு, உணவோடு மருந்து. மருத்துவரும் அந்த நேரத்துக்கு இசைந்திருந்தார். நாற்பதாண்டுப் பழக்கம் அவளைக் கைபிடித்து உண்ணவைத்தது. நினைவு செய்யமுடியாததை விரதம் செய்தது! காலை உணவுக்கோ நேரமே கிடையாது. ஆகவே காலையில் பஞ்ச நமஸ்காரம் சொல்லி முடித்ததும் மேசையில் இட்டலி, இட்டலிக்கு அருகில் கேப்சூல் என்று வைத்தோம். கிழமை எழுதிய ஏழு அறைப் பெட்டி ஒன்று லஸ் முனையில் வாங்கிவந்தோம். அறை காலியாக இருந்தால் உண்டாயிற்று; யாரும் யாரையும் கேட்கவேண்டியதில்லை. ஓராண்டு தடையின்றி நடந்தது.

2021இல் நோய் மீண்டும் கடுமையாக எழுந்தது. மருந்தை ஒழுங்காக உண்பவர்க்கும் அப்படி வருவதுண்டு. ஆகவே முன்னே தவறவிட்ட மாத்திரைகளின்மீது பழியைப் போட நாம் உடன்படவில்லை. ஐந்து நாள் ஸ்டீராய்டு மருந்து நரம்பின்வழிச் செலுத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். நடைக்கு இரண்டு பக்கமும் பிடிமானம் வேண்டியதாயிற்று. நினைவும் ஒரு படி இறங்கிற்று. அதன்பின் ஒருநாள் காலை, மருந்துப் பெட்டியின் மேலட்டையைப் படித்துவிட்டுக் கேட்டாள்: "இதோட உறை எதுல பண்றாங்க?"

சொன்னோம். "எனக்கு வேண்டாம்" என்றாள். நீயே முன்பு சிந்தித்து இசைந்தாயே என்றோம். அவளுக்கு அது நினைவில் இல்லை. ஒரு வாரம் சிந்தித்துக் கண்ட நியாயங்கள் எல்லாம் போய்விட்டன. அச்சம் மட்டும் தங்கிவிட்டது. மறுநாளும் அதே கேள்வி, அதே விடை. அதற்கு மறுநாளும்.

அப்போது நாம் செய்ததை இங்கே எழுதாமல் விட்டால் இக்கட்டுரையே பொய்யாகும். கேப்சூலைத் திறந்து, உள்ளே இருந்ததைத் தயிர்ச்சோற்றில் கலந்து கொடுத்தோம். உறை இல்லையே, அவள் மனக்குறையும் தீர்ந்தது என்று நமக்கு நாமே சமாதானமும் கூறிக்கொண்டோம். மூன்றாம் நாள் அவள் மெல்லுவதை நிறுத்தினாள். "இதுல என்ன நெறநெறங்குது?" என்றாள். "கடுகு" என்றோம்.

எழுபது வயதில், ஒரு மாதம் உண்ணாநோன்பு இருந்தாலும் கழுவமுடியாத சொல் அது. ஒருநாள் அவளைப் பொய்யள் என்ற அதே வாய். இதில் பேதைமையும் சேர்ந்தது. அந்தக் கேப்சூலுக்குள் இருப்பவை வயிற்றின் அமிலத்தில் கரையாதபடி பூச்சிட்ட நுண்மாத்திரைகள் என்றும், திறந்து கலந்தால், மென்றால், மருந்தின் செயலே கெடும் என்றும் மருந்துக் கடைக்காரர் பின்னர் சொல்லித் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. வஞ்சித்தும் கொடுத்தோம், வீணாகவும் கொடுத்தோம்.

அவள் மறந்துவிடுவாள் என்பதை நம்பித்தான் அதைச் செய்தோம். அவள் மறக்கவில்லை. அன்றுமுதல் எம் கையால் கொடுத்த தயிர்ச்சோற்றை அவள் உண்ணவில்லை. வேறொன்றும் சொல்லவில்லை, தட்டை மெல்ல நகர்த்தி வைத்தாள். மாத்திரை உண்டதை மறக்கும் மனம், ஏமாற்றப்பட்டதைப் பற்றிக்கொள்கிறது.

தங்கைக்கும் நமக்கும் இதில் மனவேற்றுமை எழுந்தது. அவள் கட்சியைக் குறைத்துச் சொல்ல நாம் விரும்பவில்லை. "அக்கா, எனக்கு அவ கால் வேணும். உங்க சத்தியம் எனக்கு வேண்டாம். அந்தப் பாவத்தை நான் ஏத்துக்கறேன்" என்றாள். பெற்றவள் அப்படித்தான் சொல்வாள். வேறு வழியில் ஏமாற்றிக் கொடுக்கமுடியுமா என்று மருத்துவரையே கேட்டாள். வையாவிருத்தியம், அதாவது நோயுற்றார்க்குப் பணிசெய்தல், அகத்தவங்கள் ஆறனுள் ஒன்று. ஔடத தானம் நான்கு தானங்களுள் ஒன்று. இவற்றின் பொருட்டு ஒரு சிறு பொய் ஆகாதா என்று அவள் தருக்கம் செய்தபோது, உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. இப்போதும் முழுவிடை கிடைத்துவிட்டதாகச் சொல்லமாட்டோம். ஒன்று மட்டும் சொன்னோம்: நாளைக்கு வேறு மருந்து, வேறு ஊசி, வேறு சோதனை வரும், அப்போதும் அவள் நம் கையை நம்பவேண்டும். அந்தக் கையை இன்றே செலவழித்துவிட்டால் நாளைக்கு என்ன வைத்துக் கொடுப்போம்?

உறவினர் ஒருவர், மருந்தை மறுப்பது ஒருவகைச் சல்லேகனைதானே, விட்டுவிடுங்கள் என்றார். நமக்குக் கடுஞ்சினம் வந்தது. 2015இல் ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் சல்லேகனையைத் தற்கொலையோடு சேர்த்துத் தீர்ப்பளித்ததும், அதே ஆகஸ்ட் மாதத்தில் உச்சநீதிமன்றம் அதை நிறுத்திவைத்ததும் நம்மவர் அறிவர். பரிகாரமற்ற நோய், முதுமை, பஞ்சம், இடர் என்று இடமும் காலமும் குறித்து, குருவின் இசைவோடு, தெளிந்த அறிவோடு ஏற்கும் நோன்பு அது. பரிகாரம் உள்ள நோயில், காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் எண்ணும் ஒரு பெண்ணின் தயக்கத்துக்கு அப்பெயரைச் சூட்டுவது நோன்புக்கும் இழிவு, அவளுக்கும் தீங்கு.

கேள்வி உண்மையில் இதுதான். 2019இல் ஒரு வாரம் சிந்தித்து இசைந்தவள் அவள். இன்று காலை வேண்டாம் என்பவளும் அவள். எவள் சொல்லுக்கு நாம் கட்டுப்பட்டவர்? அன்றையவளே மெய்யானவள், இன்றையவள் நோயின் குரல் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் இன்றைக்கு உறை பற்றி அஞ்சுகிறவளும் நம் அறத்திலே வளர்ந்தவள்தானே. அந்த அச்சம் நோயினால் வந்ததன்றே. அவளிடம் குறைவது ஒன்றுதான்: தன் நியாயத்தைத் தானே கேட்கும் வாய்ப்பு. அன்றைய அவள் இன்றைய அவளிடம் பேசமுடியவில்லை. நாம் பேசினால் அது பெரியம்மாவின் பேச்சாகிவிடுகிறது. அதிலும், கடுகு என்று சொன்ன பெரியம்மா.

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஸ்திதிகரணம் என்று ஒன்று உண்டு. தான் ஏற்ற நெறியிலிருந்து வழுவுகிறவரை மீண்டும் அதிலே நிலைநிறுத்தல். அவர் ஏற்ற நெறியில் என்பதைக் கவனிக்கவேண்டும். நாம் விரும்பும் நெறியில் அன்று. இதைப் பற்றிக்கொண்டு ஒரு வழி தேடினோம். முதலில், கடுகு என்றது பொய் என்று அவளிடம் சொன்னோம். "தெரியும்" என்றாள்.

பிறகு, அவள் தெளிவாக இருக்கும் நேரம் பார்த்துக் காலை பத்து மணிக்கு மூவரும் உட்கார்ந்தோம். மருந்தின் நன்மை, எரிச்சல், உறை எல்லாவற்றையும் மறைக்காமல் மீண்டும் பேசினோம். அவசரப்படுத்தினால் அவளுக்கு எண்ணம் கூடாது. ஆகவே நான்கு நாட்கள் பேசினோம். நான்காம் நாள் அவளே தன் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதினாள். உறை ஜெலட்டின் என்று தெரியும், தெரிந்தே ஏற்கிறேன், காரணம் இவை, இதற்கு ஈடாக நான் விட்டது இது, நான் மறந்து மறுத்தால் இத்தாளை என்னிடம் காட்டுங்கள், படித்த பிறகும் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள், உணவில் கலக்காதீர்கள், ஒரு வாரம் தொடர்ந்து மறுத்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கீழே நாள் இட்டாள். தங்கையும் நாமும் சாட்சிக் கையொப்பம் இட்டோம். விரதம் ஏற்கும்போது சாட்சி வைப்பதில்லையா?

அந்தத் தாளைக் கண்ணாடி உறையிட்டு மேசையருகில் மாட்டியிருக்கிறோம். கேள்வி கேட்கும் காலைகளில் அவள் அதைப் படிக்கிறாள். தன் கையெழுத்தைக் கண்டதும் முகம் தெளிகிறது. "நானா எழுதினேன்? நல்லாத்தான் எழுதியிருக்கேன்" என்று சொல்லிக் கேப்சூலை விழுங்குகிறாள்.

ஒரேயொரு முறை, 2023 கார்த்திகையில், படித்த பிறகும் "இன்னிக்கு வேண்டாம்" என்றாள். நாம் கொடுக்கவில்லை. மறுநாளும் அப்படியே. தங்கை சமையலறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்றாம் நாளும் அப்படியே. ஏழு நாள் ஆகுமா, அதற்குள் கண் மங்குமா, கால் போகுமா என்று ஒவ்வொரு மணியும் நெஞ்சைப் பிசைந்தது. பரிமேலழகர் சொன்ன அன்பும் மொழித் தூய்மையும் ஒன்றையொன்று இழுத்து, நடுவில் நாம் கிழிபட்டோம். எந்நேரமும் தயிர்க் கிண்ணத்தின் நினைவு வந்துகொண்டே இருந்தது. நான்காம் நாள் காலை, நமஸ்காரம் முடித்து வந்து, ஒன்றும் பேசாமல் தாளைப் படித்து, உண்டாள். ஏன் மறுத்தாள், ஏன் ஏற்றாள் என்று கேட்கவில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட இருபத்தொரு வகைகளுள் இந்நோயும் ஒன்று. 1985இல் மும்பையில் தொடங்கிய இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு. நம் குடும்பங்களில் எவர்க்கேனும் இந்நோய் இருப்பின், திருமணப் பேச்சு கெடும் என்று மூடிவைக்காமல் சான்றிதழ் பெறவும் துணை தேடவும் தயங்கவேண்டாம். எங்கள் வீட்டில் அந்தத் தயக்கத்திலேயே நான்கு ஆண்டுகள் போயின.

சென்ற மாதம் அவள் தாளைத் திருத்தவேண்டும் என்றாள். ஆண்டுக்கொருமுறை புதிதாக எழுதுவது வழக்கமாகிவிட்டது. பெட்டியைச் சரிபார்க்கும் பொறுப்பில் எம் பெயரை அடித்துவிட்டுத் தன் தம்பி மகன் பெயரை எழுதினாள். ஏன் என்று கேட்டோம். பதில் சொல்லாமல், மேசையின் மறுபக்கத்தில் இருந்த எம் இரத்த அழுத்த மாத்திரைப் பெட்டியைக் கைத்தடியால் சுட்டினாள். செவ்வாய் அறையும் புதன் அறையும் நிறைந்திருந்தன. அன்று வியாழன். இரண்டு நாளும் உண்டதாகவே நினைத்திருந்தோம்.